டாக்டருக்குத் தெரியாம இல்ல: ஆன்டிபயாடிக்கும் மூணாவது நாள் கேள்வியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, வாசிப்புக்காகச் சற்றுச் சுருக்கியிருக்கிறோம்.)

திருச்சி காட்டூரிலிருந்து பேசுகிறேன். போன எபிசோடு கேட்டுவிட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி சாப்பிடாதீங்கன்னு எங்களுக்குச் சொல்றீங்க, சரி. எழுதிக் கொடுக்கிறது டாக்டர்தானே? அவங்களுக்கு இது தெரியாதா?"

நியாயமான கேள்வி. இன்னைக்கு முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் இதை எங்கிருந்து பார்க்கிறேன்னு முதல்ல சொல்லிடுறேன். நான் மைக்ரோபயாலஜிஸ்ட், மருத்துவமனை லேப்ல வேலை. நோயாளிகளோட முகத்தைவிட அவங்க சிறுநீர், ரத்தம், சளி, சீழ் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். மருந்து எழுதுகிற டாக்டர் ஒரு பக்கம், அந்த மருந்துக்குக் கிருமி அடங்குதா இல்லையான்னு பார்க்கிற நான் இன்னொரு பக்கம். நடுவுல ஒரு போன். அந்தப் போன்ல வருஷக்கணக்கா பேசினதை வைத்துச் சொல்றேன்: டாக்டர்களுக்குத் தெரியாம இல்ல. ரெசிஸ்டன்ஸ் பற்றி என்னைவிட நல்லா வகுப்பெடுக்கக்கூடிய ஃபிசிஷியன்கள் இந்த ஊர்ல இருக்காங்க. அவங்க வார்டுலயும் அதே ஊசிதான் ஓடுது.

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு நிமிஷம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், இல்லன்னா வளரவிடாம தடுக்கும். கோடிக்கணக்கான பாக்டீரியாவில் மருந்தைத் தாங்குகிற ஒன்றிரண்டு இருந்தா, மற்றதெல்லாம் செத்த பிறகு அந்த இடம் அதுக்குத்தான். அது பெருகும். சில பாக்டீரியா, மருந்தை எப்படி உடைக்கிறதுங்கிற குறிப்பை ஒரு சின்ன வளையமான டி.என்.ஏ.வில் எழுதி, பக்கத்துல இருக்கிற வேற இனத்துக்கும் கொடுத்துடும். அதனால ஒருத்தர் உடம்புல ஓடின மருந்தோட பலன் அவரோட நின்னுபோகிறதில்லை. பக்கத்துக் கட்டிலுக்கும் போகும், வீட்டுக்கும் போகும்.

சரி, தெரிஞ்சும் ஏன் எழுதறாங்க?

அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் நான்கு மருத்துவமனைகளின் பொது மருத்துவத் துறை டாக்டர்களிடம் ஒரு கருத்துக் கணிப்பு எடுத்தாங்க. 2002-ல் வெளியானது. பழசுதான், ஆனா எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். ரெசிஸ்டன்ஸ் நாட்டுக்கே ரொம்ப முக்கியமான பிரச்சினையான்னு கேட்டப்போ 87 சதவீதம் பேர் ஆமாம்னாங்க. அதே கேள்வி, உங்க மருத்துவமனையில் அது அவ்வளவு முக்கியமான்னு. 55 சதவீதம்தான். ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாம பரவலா கொடுக்கிறதுதான் முக்கியக் காரணம்னு 97 சதவீதம் பேர் ஒத்துக்கிட்டாங்க. அப்போ பெரிய ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்பாடு வைக்கலாமான்னா, சரின்னது 60 சதவீதம்.

அந்த 87-க்கும் 55-க்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் நம்ம விஷயம். நாட்டுல இருக்கு, என் வார்டுல இல்ல. சிகாகோ டாக்டர்களைக் குறை சொல்லி இதைச் சொல்லவில்லை. எனக்கு இந்தப் பேச்சு இங்கேயே பழக்கம். "மேடம், அது ஐசியு பிரச்சினை" என்பார் வார்டு டாக்டர். "வெளியிலிருந்து ரெஃபர் ஆகி வர்றதுதான் எல்லாம்" என்பார் ஐசியு டாக்டர். வெளியில் இருக்கிறவரோ, "பெரிய ஆஸ்பத்திரியிலதான் அந்தக் கிருமியெல்லாம்" என்பார். மூணு பேர் சொல்றதும் பாதி உண்மை. பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, மணப்பாறைன்னு சுத்துப்பட்டிலிருந்து திருச்சிக்கு வருகிற நோயாளி பெரும்பாலும் ரெண்டு இடத்துல பார்த்துட்டு, நாலு நாள் மருந்து சாப்பிட்டுட்டுத்தான் வர்றார். என்ன மருந்துன்னு கேட்டா, "வெள்ளை மாத்திரை, ஒரு ஊசி."

ஒரு டாக்டர் கண்ணால் பார்ப்பது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஊசி போட்டார், காய்ச்சல் விட்டது, நோயாளி கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்த ஊசி அந்த நோயாளியோட குடல்ல எதை வளர்த்துவிட்டதுங்கிறது அவர் கண்ணுக்குப் படாது. எட்டு மாசம் கழிச்சு அதே நோயாளி சிறுநீர்த் தொற்றோட வேறொரு டாக்டர்கிட்ட போவார். அப்போ அது அந்த டாக்டரோட பிரச்சினை.

இதுக்கு எதிர்ப் பக்கத்தையும் பாருங்க. ராத்திரி ரெண்டு மணி. எழுபது வயசு அம்மா, சர்க்கரை நோய், காய்ச்சல், பிரஷர் இறங்குது. டியூட்டியில் இருப்பது பி.ஜி. முதல் வருஷ டாக்டர். கிருமி எதுன்னு தெரியாது. சின்ன மருந்தா ஆரம்பிச்சு, காலையில் அந்த அம்மா போய்ச் சேர்ந்துட்டா? "ஏன் மெரோபெனம் போடல?" என்று சீஃப் கேட்பார், சொந்தக்காரங்க கேட்பாங்க. மெரோபெனம் போட்டும் இறந்துபோனா அந்தக் கேள்வி வராது. தேவையில்லாம போட்டதுக்காக எந்த இளம் டாக்டரும் ரவுண்ட்ஸ்ல திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. போடாம விட்டதுக்கு வாங்குவாங்க. இதுல அந்தப் பொண்ணு மெரோபெனம் எழுதறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ரத்தத்தில் தொற்று ஏறி பிரஷர் இறங்கினா, முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போகணும். அதுதான் சரியான மருத்துவம். பிரச்சினை அந்த ராத்திரியில் இல்லை, அதுக்கு மூணாவது நாள் காலையில் இருக்கு. அங்கே பிறகு வர்றேன்.

இந்தியக் கணக்கு ஒன்று சொல்லிடுறேன். தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பரிலிருந்து 2022 ஏப்ரல் வரை 20 பெரிய மருத்துவமனைகளில், வார்டுல படுத்திருக்கிறவங்களோட கேஸ் ஷீட்டைப் பார்த்தது. மொத்தம் 9,652 நோயாளிகள். அதில் 71.9 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கிட்டிருந்தது. எழுதினதில் பாதிக்கு மேல், தொற்று வந்ததுக்காக இல்லை. வரக்கூடாதுன்னு முன்கூட்டியே கொடுத்தது. எந்தக் கிருமின்னு உறுதியா தெரிஞ்ச பிறகு எழுதினது சுமார் 6 சதவீதம்தான். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூணு பிரிவா வைக்குது: வழக்கமா முதல்ல கொடுக்க வேண்டியது, கவனிச்சுக் கொடுக்க வேண்டியது, கடைசிக்குன்னு ஒதுக்கி வைக்க வேண்டியது. இங்கே எழுதினதில் 57 சதவீதம் ரெண்டாவது பிரிவு.

"முன்கூட்டியே" என்பதைக் கொஞ்சம் விரிக்கணும். ஆபரேஷனுக்குக் கத்தி வைக்கிறதுக்கு முன்னால, சரியான நேரத்தில் ஒரு டோஸ். பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு அது போதும். முடிஞ்ச பிறகு நீட்டிக்கிறதால் புண்ணில் தொற்று குறையறதில்லைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2016 வழிகாட்டுதல் சொல்லுது. நடைமுறையில் அஞ்சு நாள் ஊசி, அப்புறம் டிஸ்சார்ஜ்ல அஞ்சு நாள் மாத்திரை. கேட்டா, "ஒரு கவர் இருக்கட்டும்." இந்தக் கவர் என்ற சொல் எல்லா மருத்துவமனையிலும் இருக்கு. மழை வரலாம், குடை எடுத்துக்கோங்கிற மாதிரி. பயம் ஒரு காரணம். வார்டுல சுத்தம் எப்படி இருக்குன்னு அந்த சர்ஜனுக்குத் தெரியும்கிறது இன்னொரு காரணம். கை கழுவத் தண்ணி சரியா வராத இடத்துல, ஒரே கட்டில்ல ரெண்டு பேர் படுக்கிற இடத்துல, ஊசிதான் சுத்தத்துக்குப் பதிலா வேலை செய்யுது. இதை எந்த டாக்டரும் எழுத்துல கொடுக்க மாட்டார்.

மரியாதை விஷயம் ஒன்றும் இருக்கு. லண்டன் மருத்துவமனைகளில் எஸ்மிதா சரணியும் அவர் குழுவும் டாக்டர்களிடம் பேசி 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு டாக்டர் எழுதின ஆன்டிபயாடிக்கை இன்னொரு டாக்டர் தொடுறதில்லை, பெரியவர் எழுதினதைச் சின்னவர் கேள்வி கேட்கிறதில்லை, எழுதிவைத்த விதிமுறையைவிட இந்த எழுதாத விதிமுறைக்குத்தான் பலம் அதிகம். லண்டனுக்கே இப்படின்னா, "சார் எழுதியிருக்கார்" என்கிற ஒரு வரி நம்ம ஊர்ல எவ்வளவு தூரம் ஓடும்னு உங்களுக்கே தெரியும். நான் ரிப்போர்ட் கொடுத்துட்டு, "இந்த மருந்து வேண்டாம், சாதாரண மாத்திரைக்கே கிருமி அடங்குது" என்று போன் பண்ணினா, ஹவுஸ் சர்ஜன் பணிவா சொல்லும் பதில்: "சரிங்க மேடம், சார் வந்ததும் சொல்றேன்." சார் வர்றது மறுநாள். அவர் வர்றப்போ நோயாளி நல்லா இருக்கார். நல்லா இருக்கிறவருக்கு மருந்தை ஏன் மாத்தணும்?

நம்ம பக்கத்திலேயே செய்த ஒரு ஆய்வும் இருக்கு. வேலூர்ல சி.எம்.சி.யின் சுஜித் சாண்டியும் அவருடன் சேர்ந்தவங்களும் டாக்டர்கள், மருந்துக்கடைக்காரர்கள், பொதுமக்கள் என்று தனித்தனியா குழுவா உட்கார வைத்துப் பேசினாங்க. 2013-ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் வந்தது. டாக்டர்கள் சொன்ன காரணங்கள்: நோயாளி எதிர்பார்க்கிறார், சீக்கிரம் குணமாகணும், நோய் எதுன்னு உறுதியா தெரியல. கடைக்காரருக்கு வியாபாரம். மக்களுக்கு உடனே நிவாரணம். மருந்துக் கம்பெனிகள் தரும் ஊக்கமும் பேச்சில் வந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துக் கை காட்டுறாங்க, அதே சமயம் யாரும் பொய் சொல்லவும் இல்லை. காட்டூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணை வரைக்கும் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்க, இந்த மூணு பேரையும் பார்க்கலாம். ஷிப்டுக்கு லீவு போட முடியாத ஒருத்தர் கிளினிக் வாசலில், "நாளைக்கு வேலைக்குப் போகணும் டாக்டர், ஸ்ட்ராங்கா ஏதாவது கொடுங்க" என்கிறார். வைரஸ் காய்ச்சலுக்கு ஓய்வுதான் மருந்துன்னு அவருக்குச் சொல்றது சுலபம். அந்த ஓய்வை அவருக்கு யார் கொடுக்கிறது?

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. அதுல சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் என்.டி.எம்.-1 என்கிற நொதி பற்றிய கட்டுரை வந்தது. கார்பபெனம் வகை மருந்துகளையே உடைக்கிற நொதி அது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்தப் பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் நாட்டுல பெரிய கோபம். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதின்னு பேசினாங்க. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் அந்தப் பெயர் வைத்தது தவறுன்னு வருத்தம் தெரிவித்தார். பெயர்ச் சண்டையில் காட்டின வேகத்தில் கால்வாசி, அந்த நொதி எத்தனை வார்டுகளில் இருக்குன்னு பார்க்கிறதில் காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இது என் ஆதங்கம்.

2012-ல் தொற்றுநோய் நிபுணர்களும் பல மருத்துவச் சங்கங்களும் சென்னையில் கூடி ஒரு திட்டம் போட்டாங்க. 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர். முன்னின்று நடத்தியவர் டாக்டர் அப்துல் கபூர். அதுல எனக்குப் பிடிச்சது, அவங்க கனவு காணல. டாக்டர் சீட்டு இல்லாம எந்த ஆன்டிபயாடிக்கும் கிடையாதுன்னு ஒரே நாளில் சொன்னா, டாக்டரே இல்லாத கிராமம் என்ன செய்யும்? முதல்ல கடைசிக்கட்ட மருந்துகளையாவது பூட்டி வைப்போம்னாங்க. 2013 ஆகஸ்டில் அரசு ஹெச்-1 என்ற புது அட்டவணையை அறிவித்து, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 46 மருந்துகள்; அதில் பல ஆன்டிபயாடிக். செஃபிக்சிம்கூட அதுல இருக்கு. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூணு வருஷம் வைத்திருக்கணும். அட்டையில் சிவப்புப் பெட்டிக்குள் எச்சரிக்கை இருக்கும், வீட்டுல இருக்கிற மாத்திரையை எடுத்துப் பாருங்க. ஆனா ஹெச்-1 கடையைத்தான் கட்டுப்படுத்தும். டாக்டரோட பேனாவை அல்ல.

இனி மூணாவது நாளுக்கு வர்றேன். என் வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா இது புரியும். சிறுநீர் வந்தா, தட்டில் தடவி ஒரு ராத்திரி இன்குபேட்டர்ல வைப்போம். மறுநாள் காலை கிருமி வளர்ந்திருக்கும். அதை எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மருந்து தோய்ந்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை மேலே வைப்போம். அதுக்கு அடுத்த நாள், எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராம வட்டமா வெறுமையா இருக்கோ, அதை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்போம். வட்டம் பெரிசா இருந்தா மருந்து வேலை செய்யும். ஆக ரெண்டு நாள். ரத்தம்னா இன்னும் கொஞ்சம் கூடும். முதல் ராத்திரி டாக்டர் ஊகத்தில்தான் எழுதியாகணும், வேற வழியே இல்லை. மூணாவது நாள் ஊகம் தேவையில்லை, என் தாள் அங்கே இருக்கு.

அந்தத் தாள் பயன்படணும்னா முதல் ஊசிக்கு முன்னால ரத்தமோ சிறுநீரோ எடுத்திருக்கணும். இங்கேதான் பாதி கெட்டுப்போகுது. ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழிச்சு சாம்பிள் வரும். தட்டில் ஒன்றும் வளராது. நான் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதுவேன். டாக்டர் என்ன நினைப்பார்? "லேப்ல எப்பவும் ஒண்ணும் வராது." அடுத்த தடவை கல்ச்சர் அனுப்பவே மாட்டார். நோயாளிக்கும் அதுல ஒரு செலவு மிச்சம். இப்படித்தான் லேபுக்கும் வார்டுக்கும் நடுவுல நம்பிக்கை மெல்ல மெல்லக் கழண்டு போகுது. கல்ச்சர் இல்லாததால பெரிய மருந்து, பெரிய மருந்து போட்டதால கல்ச்சர்ல ஒன்றும் இல்லை.

இதுல நாம எதை இழக்கிறோம்னு ஒரு எண்ணில் சொல்றேன். ஐ.சி.எம்.ஆர்.க்கு நாட்டின் பெரிய மருத்துவமனைகளை இணைக்கிற ஒரு கண்காணிப்பு வலையமைப்பு இருக்கு. அதன் அறிக்கைப்படி, க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமி இமிபெனம் மருந்துக்குக் கட்டுப்படுவது 2017-ல் 58.5 சதவீதம். 2023-ல் 35.6. ஆறே வருஷம். அந்த மருந்து கேட்கலைன்னா அடுத்து கொலிஸ்டின். 1950களில் வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்குதுன்னு பிறகு ஒதுக்கிவைத்த பழைய மருந்து. இப்போ அதைத் தூசி தட்டி எடுத்திருக்கோம். அதுக்கு நான் சொன்ன காகித வில்லைப் பரிசோதனைகூடச் சரிவராது. மருந்து தட்டில் ஒழுங்கா பரவாது, வேறு நுணுக்கமான முறை வேணும், அந்த வசதி எல்லா லேப்லயும் இல்லை. இதே கொலிஸ்டினைக் கோழிக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கிட்டிருந்தாங்க, 2019 ஜூலையில்தான் அரசு தடை செய்தது. நாமக்கல் நமக்குப் பக்கத்து ஊர்தானே, கோழிப் பண்ணைக்காரர் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா எழுதுங்க, அதை ஒரு தனி எபிசோடா பேசலாம். புது ஊசிகளும் இருக்கு. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் மாதிரி. விலை ஒரு குடும்பத்தைப் படுக்க வைக்கும். கிருமியில் என்.டி.எம். இருந்தா அது மட்டும் தனியா வேலை செய்யாது, கூடவே அஸ்ட்ரியோனமும் போடணும்.

அப்போ எதுதான் வேலை செய்யும்? இன்னொரு கருத்தரங்கம், இன்னொரு உறுதிமொழி வாசிப்பு எல்லாம் எனக்கு அலுத்துப்போச்சு. தெரிஞ்ச விஷயத்தையே திரும்பச் சொல்றோம். வேலூர் சி.எம்.சி.யில் பத்தாண்டு ஆன்டிபயாடிக் பயன்பாட்டை மாசாமாசம் கணக்கெடுத்து 2014-ல் வெளியிட்டாங்க. வழிகாட்டிப் புத்தகம் போட்டுக் கொடுத்ததும் ஏறுமுகம் மெதுவாச்சு. புத்தகத்தைப் பற்றி யாரும் பேசாம விட்ட காலத்தில் ஏற்றம் மறுபடி கூடிடுச்சு. திருத்தின புத்தகம் வந்து, மருத்துவமனைக் கணினி வலையிலேயே வார்டில் இருந்தபடி பார்க்கலாம்னு ஆன பிறகுதான் இறங்க ஆரம்பிச்சது. டாக்டர்களின் மனசு மாறினதான்னு தெரியாது, ஆனா எழுதுகிற நேரத்தில் பதில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

2024 ஜனவரியில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநர் மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஆன்டிபயாடிக் எழுதும்போது எதுக்காகன்னு காரணத்தையும் கண்டிப்பா எழுதுங்க. ஒரு வரிதான். சில பேர் இதைக் குமாஸ்தா வேலைன்னு கேலி பண்ணினாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. 'சிறுநீர்த் தொற்று' என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தா, மூணாவது நாள் ஹவுஸ் சர்ஜன்கூட, "சார், கல்ச்சர்ல சாதாரண மாத்திரைக்கே கேட்குதுன்னு வந்திருக்கு, மாத்தலாமா?" என்று கேட்க ஒரு பிடி கிடைக்குது. 'கவர்' என்று மட்டும் இருந்தா எதை வைத்துக் கேட்பார்? நான் பார்த்தவரை ரவுண்ட்ஸ்ல லேப் ஆள் ஒருத்தர் கூடவே நின்னா, போன்ல நடக்காதது அஞ்சு நிமிஷத்துல நடக்கும். நிறுத்தறதைவிட மாத்தறதுக்கு டாக்டர்கள் சீக்கிரம் ஒத்துக்குவாங்க. ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாத்தினா நோயாளி ரெண்டு நாள் முன்னாடியே வீட்டுக்குப் போகலாம்னு சொன்னா இன்னும் சீக்கிரம்.

உங்க வீட்டுல யாராவது அட்மிட் ஆனா, சண்டை போடாம, குற்றம் சாட்டுற குரல் இல்லாம ரெண்டு விஷயம் கேட்கலாம். முதல் நாள்: "டாக்டர், ஊசி போடுறதுக்கு முன்னால கல்ச்சருக்கு எடுத்தாச்சா?" மூணாவது நாள்: "ரிப்போர்ட் வந்திருந்தா, இந்த மருந்தே தொடரணுமா, மாத்தலாமா?" கோபப்படுவாங்களோன்னு பயப்பட வேண்டாம். சில பேர் முறைப்பாங்க, உண்மைதான். பல பேர் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்ப்பாங்க. ஒன்றே ஒன்று: ஓடுகிற மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க.

டைபாய்டு பற்றியும், ஒரே ஒரு வைடால் டெஸ்ட்டை வைத்து டைபாய்டு என்று சொல்லிவிடுவது பற்றியும் மூணு பேர் கேட்டிருந்தீங்க. அது அடுத்த எபிசோடில். பழைய மருந்துச்சீட்டு இருந்தா, பெயரையும் ஊரையும் மறைச்சுட்டுப் படம் எடுத்து அனுப்புங்க.